கோலம் போதும், ஊராட்சித் தேர்தலை நடத்துங்கள்

2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னையில் பதிவான வாக்கு ஏறத்தாழ 59 சதவீதம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அது 80-ஐ ஒட்டி இருந்தது. அதிசயமாக ஒரு தடவை நடந்ததில்லை இது. எங்கள் பக்கம் எப்போதும் இப்படித்தான். பங்குனி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நடக்க முடியாத கிழவியைப் பேரன் டிவிஎஸ் எக்ஸெல்லில் உட்காரவைத்துக் கூட்டிவருவான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவனும் சென்னையில் கட்டட வேலைக்குப் போனவனும் ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்வார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் கல்லூரிப் பிள்ளைகளை மனிதச் சங்கிலியாக வெயிலில் நிறுத்துகிறார்கள். பேருந்து நிலையத்தில் ராட்சத பலூன் பறக்கிறது. மகளிர் குழுக்காரர்களைக் கூப்பிட்டு 'என் வாக்கு என் உரிமை' என்று கோலம் போட வைக்கிறார்கள். கேஸ் சிலிண்டரில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். இதற்கெல்லாம் பெயர் வாக்காளர் விழிப்புணர்வு. முழித்துக்கொண்டு இருப்பவனை உலுக்கி உலுக்கி எழுப்பிவிடுவதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். ஓட்டு இருப்பது பெரம்பலூர் மாவட்டம் குன்னம் தொகுதியில். தேர்தலுக்கு லீவு போட்டு ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் டீமில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "உங்க ஊர்ல எல்லாம் காசு வாங்கிட்டுத்தானே ப்ரோ போடுவாங்க?" கேட்பவர் பெரும்பாலும் தன் வார்டு கவுன்சிலர் யார் என்றே தெரியாதவர். ஓட்டுச்சாவடி இருக்கும் பள்ளிக்கூடத்தின் எதிர் அபார்ட்மென்டில் குடியிருந்துகொண்டு, லீவு கிடைத்தது என்று கூர்க் போனவர். அவருக்குப் பதில் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரைப் போலவே யோசிக்கிற, ஆனால் நல்ல எண்ணத்தோடு யோசிக்கிற ஒரு கூட்டம் உண்டு. தன்னார்வலர்கள், அரசு அதிகாரிகள், அரசியல் ஆலோசனை நிறுவனங்கள், அப்புறம் இந்த மாதிரி இதழ்களில் வாசிக்கவும் எழுதவும் செய்கிற நாம். இந்த எல்லோரும் நம்புவது ஒன்றைத்தான். கிராமத்து வாக்காளருக்கு ஏதோ குறைகிறது, அதை நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு ஓட்டுப் போடத் தெரியும். போட்ட மறுநாளிலிருந்து அடுத்த ஓட்டு வரைக்கும் அவர்கள் எங்கே போய் நிற்பது? யாரைப் பிடித்துக் கேட்பது? அதற்குச் சட்டம் ஒரு இடம் கொடுத்திருந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்த இடத்தில் ஆள் இல்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதைப் பற்றி எந்தப் பலூனும் பறக்கவில்லை.

முதலில் இந்தத் 'தெரியாது' என்ற கதையை முடித்துவிடலாம். எங்கள் ஊர் பூத்தில் ஒரு அண்ணன் இருபது வருஷமாக ஏஜென்ட். எட்டாவது வரை படித்தவர். மக்காச்சோளமும் கொஞ்சம் பருத்தியும் போடுகிறார். தேர்தல் அன்று விடிவதற்கு முன்னால் பூத்துக்குப் போய்விடுவார். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டாவது போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. அதை ஒவ்வொரு பட்டனாக எண்ணிப் பார்ப்பார். அழித்துவிட்டு மிஷின் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்ப்பார். சீல் நம்பரைச் சட்டைப் பையில் இருக்கும் துண்டுத்தாளில் குறித்துக்கொள்வார். சாயங்காலம் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் வெளியே வரமாட்டார். எண்ணுகிற அன்று அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொன்னதில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு, பட்டியலில் டிக் விழாத பெயர்களைப் பார்த்து வெளியே இருக்கும் பையனிடம் சொல்வார்: "மேலத்தெருவுல ரெண்டாவது வீட்டுல இன்னும் மூணு ஓட்டு வரல. பெரியம்மாவுக்கு காலு சரியில்ல, வண்டி எடுத்துட்டுப் போ." 

நான் பார்க்கிற வேலையில் இதற்கு ஒரு டேஷ்போர்டு, நாலு பேர் கொண்ட டீம், மூன்று மாத அவகாசம் தேவைப்படும். அவருக்குத் தேவைப்படுவது ஒரு பால்பாயின்ட் பேனா.

இந்த டேஷ்போர்டு அரசியலையும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். என் செட்டில் படித்த சிலர் அந்தத் தொழிலுக்குப் போயிருக்கிறார்கள். 2021 தேர்தலுக்கு திமுக ஐ-பேக் நிறுவனத்தை அமர்த்தியதிலிருந்து தமிழ்நாட்டில் அது மதிப்பான உத்தியோகம். வாக்காளர் பட்டியல் இப்போது படமாகத்தான் கிடைக்கிறது. அதை எழுத்தாக மாற்றி, தெருவாரியாகப் பிரித்து, பெயரையும் அப்பா பெயரையும் தெருவையும் வைத்துச் சாதியை ஊகித்து, வயதுவாரியாக நிறம் தீட்டி வைப்பார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சுவாரஸ்யமான கணக்குதான். ஆனால் அந்த எக்செல் ஷீட்டில் வலது பக்கம் எத்தனை பத்தி சேர்த்தாலும் 'இவர் என்ன கேட்கிறார்' என்று ஒரு பத்தி வராது. வந்தாலும் அதைப் பூர்த்தி செய்கிறவன் சென்னையில் உட்கார்ந்து போனில் மூன்று கேள்வி கேட்கிற பையன். அந்த எக்செல் ஷீட்டில் வாக்காளர் ஒரு வரி. தேர்தல் முடிந்ததும் ஃபைலை மூடிவிடலாம்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்ததே, அப்போது எங்கள் தெருவுக்கு யார் வந்தார்கள் தெரியுமா? அங்கன்வாடி அக்கா வந்தார். அவர்தான் வாக்குச்சாவடி நிலை அலுவலர். கூடவே ரெண்டு கட்சி ஏஜென்டுகள். 2002 பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்கள் தங்கள் அப்பா அம்மா பெயரைப் பிறந்த ஊர்ப் பட்டியலில் தேட வேண்டும். அந்த ஊர் இன்றைக்கு வேறு தொகுதி, வேறு மாவட்டம். ஏனென்றால் இடையில் 2008-ல் தொகுதியெல்லாம் மாறிவிட்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களின் படிவத்தை யார் நிரப்புவது, யார் கையெழுத்துப் போடுவது என்று ஒரே குழப்பம். டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று விளக்கம் சொன்னார்கள். பலரைப் பொறுத்தவரை அது உண்மையாகவும் இருக்கலாம். இல்லாத ஒருவருக்காக படிவம் 6 வாங்கிவந்து நிரப்பிக் கொடுத்தது அதே எட்டாவது படித்த அண்ணன்தான். 100 சதவீத வாக்களிப்புக்காகச் சங்கிலி கோர்த்த எந்த அமைப்பையும் அந்த ஒன்றரை மாதம் எங்கள் பக்கம் பார்க்க முடியவில்லை. 

காசு விஷயம். ஆமாம், கொடுக்கிறார்கள். ஆமாம், வாங்குகிறார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு தனக்குத் தோன்றியபடி போடுகிற வீடுகள் ஏராளம். அதைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. காசு கொடுத்தவன் ஜெயித்து வந்து முதல் வேலையாக அந்தக் காசை எடுக்கிறான், அது எங்கள் ஓடையிலும் ரோட்டிலும் தெரிகிறது. ஆனால் 'காசு வாங்காதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாங்காமல் போட்டால், நாளைக்குத் தண்ணீர் வராதபோது நான் யாரிடம் போவது? அந்த வழியைச் சொல்லாமல் நேர்மையை மட்டும் ஏழையிடம் கேட்பது கொஞ்சம் சௌகரியமான வேலை.

ஓட்டு என்பது இந்த மண்ணில் விளையாட்டாக வந்ததில்லை. 1987 மார்ச்சில் மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைத்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது அரியலூர் பக்கத்தில். அதே வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி தமிழரசனும் அவரோடு வந்தவர்களும் பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளை முயற்சியில் மக்களால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். தேர்தலையே நம்பாமல் ஆயுதத்தை நம்பிய ஒரு வழி அங்கே முடிந்தது. விடுதலைச் சிறுத்தைகளும் 1999 வரை தேர்தலைப் புறக்கணித்தவர்கள்தான். அந்த வருஷம்தான் திருமாவளவன் முதன்முதலாகச் சிதம்பரத்தில் நின்றார். ஆக இங்கே ஒரு தலைமுறை, வேறு வழிகளையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாக்குச்சாவடிக்கு வந்தது. வந்த பிறகு என்ன கிடைத்தது? 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் நாள், அதே பொன்பரப்பி. தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. வீடுகள் உடைந்தன, ஆட்கள் காயப்பட்டார்கள். சிறுத்தைகளின் சின்னம் பானை. அந்தப் பானையைத் தெருவில் போட்டு உடைத்ததும் அன்றைய சம்பவத்தில் ஒன்று. மறு வாக்குப்பதிவு கேட்டார்கள். நடக்கவில்லை. சிதம்பரத்தில் அந்தத் தடவை திருமாவளவன் ஜெயித்தது 3,219 ஓட்டு வித்தியாசத்தில். அத்தனை ஓட்டும் எண்ணப்பட வேண்டியவை என்பதை அந்தத் தெருக்காரர்களுக்குக் கோலம் போட்டு யாரும் புரியவைக்க வேண்டியதில்லை.

இனி பிரதிநிதிகள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்க எங்கள் வரைபடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரம்பலூர் 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, 2002-ல் திரும்ப ஒட்டவைக்கப்பட்டது, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. மாவட்டம் என்பதே கொடுத்து, பிடுங்கி, திரும்பக் கொடுத்த ஒன்றுதான். நாடாளுமன்றத் தொகுதி இன்னும் வேடிக்கை. பெரம்பலூர் தொகுதி எம்பிக்கு முசிறியும் லால்குடியும் காவிரிக்கு அந்தப் பக்கம் குளித்தலையும் சேர்ந்து வரும். பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கிற குன்னம் அதில் வராது. நாங்கள் அரியலூர், ஜெயங்கொண்டத்தோடு சேர்ந்து கடற்கரைப் பக்கம் இருக்கிற சிதம்பரத்துக்கு எம்பி அனுப்புகிறோம். குன்னம் தொகுதியில் செந்துறைப் பக்கத்து ஊர்களும் வருவதால், ஒரே எம்எல்ஏவுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் இரண்டு கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டுபோகிறார்கள். யார் ஜெயித்தாலும் இதில் எம்பியை ஒரு வாக்காளர் வாழ்நாளில் இரண்டு தடவை பார்த்தால் அதிகம். எம்எல்ஏவைக் கல்யாணத்தில், காதுகுத்தில் பார்க்கலாம். கேள்வி கேட்க முடியாது, மொய் எழுதிக்கொண்டிருப்பார்.

தினமும் பார்க்கக்கூடிய, வீடு தெரிந்த, வாசலில் போய்க் கத்தக்கூடிய ஒரே ஆள் ஊராட்சித் தலைவர். எங்கள் ஊரில் மோட்டார் ரிப்பேராகி ரெண்டு நாள் தண்ணீர் வரவில்லை என்றால் பெண்கள் காலிக் குடத்தோடு நேராகத் தலைவர் வீட்டுக்குத்தான் போவார்கள். "நீ மட்டும் குளிச்சிட்டு உக்காந்திருக்கியா?" என்று தெருவே கேட்கும்படி ஒரு கிழவி கேட்டால் சாயங்காலத்துக்குள் மோட்டார் ஓடும். குடியாட்சித் தத்துவம் எதிலும் இந்தக் கிழவிக்கு இடமில்லை, ஆனால் நான் கண்ணால் பார்த்த பொறுப்புக்கூறல் இது ஒன்றுதான்.

இப்போது அந்தக் கிழவி யார் வீட்டுக்குப் போவார்? 2020 ஜனவரியில் பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 243ஈ பிரிவு அதைத்தான் சொல்கிறது. நடக்கவில்லை. தனி அலுவலர் வந்துவிட்டார். ஆறு மாதத்துக்கு என்று ஆரம்பித்தது நீண்டுகொண்டே போகிறது. கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், எங்கள் வழக்கில் பிடிஓ. பெரம்பலூர் மாவட்டத்தில் 4 ஒன்றியம், 121 ஊராட்சி. அரியலூரில் 6 ஒன்றியம், 201 ஊராட்சி. வகுத்துப் பாருங்கள். ஒரு பிடிஓ முப்பது ஊருக்குத் தலைவர். ஒரு நாளைக்கு ஒரு ஊர் என்று போனாலும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து மாதம் முழுக்க அலைய வேண்டும். அவரிடம் காலிக் குடத்தோடு போவதற்கு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். போனால் அவர் கலெக்டர் மீட்டிங்கில் இருப்பார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, அவர் ஓட்டுக் கேட்டு வந்தவரில்லையே.

இதில் கட்சி பார்க்கிறவர்களுக்காக இன்னொரு தகவல். 1991-ல் முடிந்த உள்ளாட்சிப் பதவிக்காலத்துக்கு அடுத்த தேர்தல் நடந்தது 1996-ல். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாக இல்லை என்று வழக்குப் போட்டது திமுக. அப்புறம் வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு என்று அதிமுக அரசு மூன்று வருஷத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும் நடந்தது. எங்கள் இரண்டு மாவட்டமும் அதில் உண்டு. அன்றைக்கு 'உள்ளாட்சித் தேர்தலை நடத்தப் பயம்' என்று மேடைக்கு மேடை பேசிய திமுக, ஆட்சிக்கு வந்து தன் முறை வந்தபோது அதே தனி அலுவலரைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. சமூகநீதி, மாநில சுயாட்சி எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை. மாநில உரிமையை டெல்லி பறிக்கிறது என்று பேசுகிற வாய்க்கு, ஊரின் உரிமையைக் கோட்டை எடுத்துவைத்துக்கொள்வது உறுத்தவே இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லாவிட்டால் ஒன்றிய நிதிக்குழு மானியம் நிற்கும் என்பதை 2016-க்குப் பிறகே பார்த்தாயிற்று. தெரிந்தேதான் செய்கிறார்கள்.

ஏன்? எனக்குத் தோன்றுவது இதுதான். எம்எல்ஏவுக்கு ஊராட்சித் தலைவர் ஒரு தொல்லை. கட்சிச் சின்னத்தில் நிற்காதவர், ஊரில் தனக்கென்று ஓட்டு வைத்திருப்பவர், அடுத்த தடவை சீட் கேட்கக்கூடியவர். சட்டமன்றத் தேர்தல் நெருங்குகிற நேரத்தில் ஊருக்கு ஊர் ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேர் தலைவர் பதவிக்கு மோதினால் பூத் கமிட்டி உடையும். தனி அலுவலர் யாரோடும் மோதமாட்டார். கான்ட்ராக்டும் ஒழுங்காக மேலிருந்து கீழே வரும்.

கிராமசபைதான் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காகிதத்தில் வருஷத்துக்கு ஆறு. போன அக்டோபர் 2-ல் நடக்க வேண்டியதை 11-ஆம் தேதிக்கு மாற்றினார்கள். அன்று நான் ஊரில் இருந்தேன். முதலமைச்சர் காணொளியில் பேசினார். ஊருக்கு மிக அவசியமான மூன்று தேவைகளைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்றார். நல்ல யோசனை. ஊராட்சிச் செயலாளர் எழுதிக்கொண்டார். நடுவில் ஒரு அக்கா எழுந்து, போன தடவை எழுதினீங்களே அந்தத் தெருவிளக்கு என்னாச்சு என்றார். செயலாளர் நல்ல மனுஷன்தான். "ஆபீஸ்ல சொல்லியிருக்கேன்கா" என்றார். யாருக்கும் கோபம் வரவில்லை. பொங்கித் தீர்க்க அங்கே ஆள் இல்லை. தலைவர் நாற்காலி காலி என்பதால் கூட்டம் மனு கொடுக்கும் நாள் மாதிரி ஆகிவிட்டது, நான்காவது தேவை ஊராட்சித் தேர்தல் என்று எழுதச் சொல்லி ஒரு பெரியவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானத்தில் அது ஏறவில்லை.

இதற்கு ஒரு மாதம் முன்னால், செப்டம்பர் 13-ஆம் தேதி, நடிகர் விஜய் தன் பிரசாரத்தைத் திருச்சியில் தொடங்கி அரியலூர் வந்தார். பெரம்பலூரில் நள்ளிரவு வரை ஜனம் காத்திருந்தது. நேரமாகிவிட்டதால் பேசாமலே போனார். காத்திருந்ததில் என் சித்தி பையனும் உண்டு, பத்தொன்பது வயசு. அவனைக் கேலி செய்வதில் எனக்கு விருப்பமில்லை, கரூரில் அதே மாதம் 27-ஆம் தேதி 41 பேர் செத்த பிறகு கேலி இன்னும் அசிங்கம். ஆனால் அவனிடம் கேட்டேன், "உன் வார்டு மெம்பர் யாருடா?" அவன் யோசித்துவிட்டுச் சொன்னான், "இப்ப யாருமில்லண்ணா, அதான் இல்லியே." சரியான பதில். அரசியல் ஆசை உள்ள பத்தொன்பது வயசுப் பையனுக்கு 2026-ல் இந்த மாவட்டத்தில் கிடைப்பது சாலையோரத்தில் நின்று பார்க்கிற வேலைதான். வார்டு மெம்பருக்கு நிற்க 21 வயசு போதும். ஆட்டோ சின்னமோ பூட்டுச் சாவியோ வாங்கி, நூறு வீடு ஏறி இறங்கி, ஜெயித்தோ தோற்றோ அரசியல் கற்றுக்கொள்கிற அந்தப் படியை எடுத்துவிட்டு, பையன்கள் எல்லாம் சினிமா மோகத்தில் கெட்டுப்போய்விட்டார்கள் என்று எழுதுகிறோம்.

இங்கே எனக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் பலமான வாதம் ஒன்று உண்டு. ஊராட்சி என்ன பெரிய சொர்க்கமா? தலைவர் பதவியை ஏலம் விடுகிறார்கள். பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கினால் கணவன் நாற்காலியில் உட்காருகிறான். ஊராட்சி என்றாலே மேலவளவு ஞாபகத்துக்கு வருகிறது, 1997. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித் தலைவர் வந்துவிடக் கூடாது என்று பத்து வருஷம் தேர்தலையே நடக்கவிடவில்லை. 2020-ல் எங்களுக்குப் பக்கத்துக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினார்கள். ஊர் என்பது சாதியின் கோட்டை, அதற்கு அதிகாரம் கொடுப்பதைவிடப் படித்த அதிகாரி மேல் என்று அம்பேத்கரைத் துணைக்கு அழைத்துச் சொல்லலாம். அவர் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றிச் சொன்னது எனக்கும் தெரியும், பொன்பரப்பிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை மறுக்க என்னால் முடியாது.

ஆனால் தெற்குத்திட்டைப் படம் ஏன் வெளியே வந்தது என்று யோசியுங்கள். அந்தப் பெண்ணைத் தரையில் உட்காரவைக்கும் பழக்கம் அதற்கு முன் நூறு வருஷமாக நடந்ததுதான். யாரும் படம் எடுக்கவில்லை. அவர் தலைவர் என்பதால் அது செய்தியானது, வழக்கானது, கைது நடந்தது. அவர் உட்கார வேண்டிய நாற்காலி ஒன்று இருந்ததால்தான் அவர் தரையில் இருந்தது குற்றமாகத் தெரிந்தது. பாப்பாபட்டியில் 2006-ல் தேர்தல் நடத்திக் காட்டியதும் அரசுதான். சுழற்சி முறையில் தலித் தலைவர், பெண் தலைவர் வர வேண்டிய ஊர்களில் இன்றைக்கு அந்த நாற்காலியே இல்லை. இதனால் மகிழ்ச்சியாக இருப்பது யார்? பதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிஓ ஆபீஸில் தனக்கு டீ வரவழைக்கத் தெரிந்த அதே பழைய குடும்பங்கள்தான். தலைவர் இல்லாத ஊரில் அவர்கள் தனி அலுவலருக்கு 'ஊர்ப் பெரியவர்கள்'. தேர்தல் இல்லாமல் ஆளுகிற வித்தையை அவர்கள் மறந்ததே இல்லை.

அரியலூரில் இது வெறும் தெருவிளக்குப் பிரச்சனை இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கம் தோண்டிய ஊர்களும் சிமென்ட் லாரி ஓடுகிற ரோடுகளும் அங்கே எத்தனை என்று போய்ப் பார்த்தால் தெரியும். சுரங்கம் பாதித்த ஊர்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒரு நிதி இருக்கிறது. கலெக்டர் தலைமை. அந்தப் பணம் சுரங்கத்தை ஒட்டிய ஊருக்கு வருகிறதா, எங்காவது கட்டடமாகப் போகிறதா என்று கேட்கும் அதிகாரமுள்ள குரல் ஊரில் இப்போது யாருடையது? ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின் நிலையத்துக்கு என்று தொண்ணூறுகளில் நிலத்தை எடுத்தார்கள். மின் நிலையம் வரவில்லை. இழப்பீட்டுக்காக விவசாயிகள் கோர்ட் வாசலில் கிழவர்கள் ஆனார்கள். கால் நூற்றாண்டு கழித்து நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. எந்த வார் ரூமும் இல்லாமல் அத்தனை காலம் ஒன்றாக நின்றவர்களுக்குத்தான் 'ஒருங்கிணைப்பது எப்படி' என்று பயிற்சி முகாம் நடத்தக் கிளம்புகிறோம்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேராவது என்னைப் போல, ஊரில் ஓட்டும் நகரத்தில் வேலையுமாக இருப்பவர்கள். அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோ என்ன சொன்னார் என்று என்னைவிட நன்றாகவே உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊராட்சியின் போன வருஷ வரவு எவ்வளவு? 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கிராமசபைக்குக் குறைவெண் என்பது தெரியுமா? அந்தக் கையெழுத்துகள் உண்மையில் கூட்டத்தில் போடப்படுகின்றனவா, பிறகு நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் நோட்டைக் கொண்டுபோய் வாங்குகிறார்களா? எங்கள் பக்கம் இரண்டாவது முறை சகஜம். தேர்தல் முடிவு பற்றி நள்ளிரவு வரை ஸ்பேஸ் நடத்துகிற நாம் ஒரு வருஷமாக 322 ஊராட்சிகளில் ஒரு தேர்தல் காணாமல் போனதைப் பற்றி ஒரு திரி கூடப் போடவில்லை. ஊராட்சி இலக்கியத் தகுதி இல்லாத பொருள் போல.

வரப்போகும் சட்டமன்றத் தேர்தலில் எங்கள் பக்கம் மறுபடியும் 80 சதவீதம் விழும். பலூனும் பறக்கும். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், எந்தக் கட்சியாக இருந்தாலும், எங்கள் ஊரில் சிலர் ஒரே கேள்வியைக் கேட்பதாக இருக்கிறார்கள்: ஊராட்சித் தேர்தல் எந்த மாதம்? அண்ணன் அதை ஏற்கெனவே தன் கட்சி ஒன்றியச் செயலாளரிடம் கேட்டுவிட்டார். "அத இப்ப ஏம்ப்பா கெளப்புற" என்று பதில் வந்ததாம். ஜனவரி 26 கிராமசபைக்கு அவர் நூறு பேரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார். தீர்மான நோட்டில் அந்த ஒரு வரி ஏறாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று மேலத்தெருவிலும் காலனியிலும் பேசியிருக்கிறார். நான் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.